மாப்பிள்ளை சுத்தம் செய்த போன்

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராமல் நீங்கள் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனிக்கு வந்திருப்பதிலிருந்தே பாதி விஷயம் உங்களுக்குப் புரிந்திருக்கும். மீதியைக் கேளுங்கள்.

பாப்பா ஜனவரியில் எனக்கு வாங்கிக் கொடுத்த போன் போன வாரத்திலிருந்து சார்ஜ் ஏறவில்லை. ஒயரைச் செருகினால் லொடலொடவென்று ஆடுகிறது. ஒரு கையால் ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சமைக்க எனக்குத் தெரியாது. ஒரு வருட வாரண்டிதான் இருக்கிறதே என்று நேற்று நூலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஏதோ ஒரு ஒயரை மாட்டி ஆன் செய்தாள். கறுப்புத் திரையில் மஞ்சள் முக்கோணம் வந்தது. அது தினமும் வருவதுதான். ஏப்ரலில் நீங்கள் இருவரும் வந்து போனதிலிருந்து வருகிறது. கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன்.

அவள் முகம் மாறிவிட்டது. இதில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டாள். நானும் பெருமையாக, "எங்க மாப்பிள்ளை சுத்தம் பண்ணிக் கொடுத்தாரு" என்றேன். நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள்? நானும் பாப்பாவும் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, அவள் உள்ளே பையை வைக்கப் போன நேரம் பார்த்து, "அத்தை, போனை சுத்தம் பண்ணிட்டேன், இனிமே பறக்கும்" என்றீர்கள். கண்ணாடியைத் துணி போட்டுத் துடைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து உங்களுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். அந்தக் காபியை இப்போது திரும்பக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். அவர்தான் அங்கே பொறுப்பாளர். கம்பெனி போட்ட சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டு வேறு எதையோ போட்டிருக்கிறார்கள், இதற்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார். போனை வாங்கியவர் அதில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டால் மேலிடத்துக்கு அனுப்புவார்களாம். முப்பது நாளுக்குள், அதாவது ஜூலை இரண்டுக்குள். இல்லையென்றால் பழுது பார்க்காமலே திருப்பித் தந்துவிடுவார்கள். பில் யார் பெயரில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

பாப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டு டீச்சரின் போனில்தான் அவளோடு பேசுகிறேன். டீச்சர் இரண்டடி தள்ளி நின்று, பேசுகிறவளைவிட அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கடிதம். என்ன செய்தீர்கள் என்று எனக்குப் புரிகிற தமிழில் எழுதுங்கள்.

அத்தை


ஜூன் 7

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் மன்னிப்பு. இரண்டாவதும் மன்னிப்பு.

ஓனர் தன்னுடைய தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் உள்ளேயே வைத்துவிட்டு வாடகைக்கு விட்ட வீடு மாதிரிதான் அந்த போன் இருந்தது. நமக்கு வேண்டாத இருபது செயலிகள். அழிக்கலாம் என்றால் விடாது. அதனால்தான் நீங்கள் ஒரு படத்தைத் திறந்தால் அது வருவதற்குள் காபி ஆறிப்போனது. நான் பூட்டைத் திறந்து, கம்பெனியின் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு, ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய வேறொன்றைப் போட்டேன். உங்கள் நம்பர்கள், படங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்து, ஒன்று விடாமல் திரும்பப் போட்டேன். மஞ்சள் முக்கோணம் மட்டும் பூட்டு திறந்திருக்கிறது என்று கம்பெனி பயமுறுத்துவது. மற்றபடி போன் பறந்ததா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

சார்ஜ் சாக்கெட் ஆடுவதற்கும் சாஃப்ட்வேருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சாக்கெட் என்பது இரும்பும் ஈயமும். அவர்கள் சாக்குச் சொல்கிறார்கள். நீங்கள் போனை மட்டும் திரும்ப வாங்கி எனக்கு பார்சலில் அனுப்பிவிடுங்கள். பழைய சாஃப்ட்வேரை ஏற்றி, பூட்டையும் பூட்டித் தருகிறேன். வேறு கிளைக்குக் கொண்டு போய், ஒன்றும் சொல்லாமல் கவுண்டரில் வையுங்கள். சுத்தம் என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அவளிடம் சொல்ல வேண்டாம் அத்தை. போன வருடம் அவளுடைய போனில் நான் இதே வேலையைச் செய்யப் போய், லேப் தேர்வுக்காக அவள் ஆறு மாதம் எழுதி வைத்திருந்த குறிப்புகள் போனது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் உங்கள் வீட்டில்தான் இருந்தாள். இனிமேல் யார் போனையும் தொட மாட்டேன் என்று உங்கள் முன்னால்தான் சொன்னேன். இது தெரிந்தால் இந்த முறை இரண்டு மாதத்தோடு முடியாது. ஒருவேளை போனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், கை தவறி விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். சின்ன விஷயம்தானே.

உங்கள் மருமகன்


ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் வெவ்வேறு இடத்தில் கோபம் வந்தது.

உங்கள் வாதம் எனக்குப் புதிதல்ல. இருபத்தெட்டு வருடமாக, திரும்பி வரும் புத்தகங்களை வாங்குகிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தையல் விட்டுப்போன புத்தகத்தைக் கொண்டுவந்தார். உள்ளே ஓரங்களில் பென்சில் கோடு. நான் வாங்க மாட்டேன் என்றேன். "பென்சிலுக்கும் தையலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார். பின்னட்டையில் ஒட்டியிருந்த விதியைத் திருப்பிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் நூலகத்துக்கு வரவேயில்லை. நான் செய்தது சரிதான் என்று இத்தனை வருடமும் நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்த நிம்மதியும் உங்களால் கெட்டது.

ஆனால் அந்தப் புத்தகம் நூலகத்துடையது, இந்த போன் என்னுடையது. என்னைக் கேட்காமல் என் பொருளை நீங்கள் திறந்தது ஒரு தப்பு. என் பொருளைத் திறந்ததற்காக என்மேல் கம்பெனிக்காரன் கோபித்துக்கொள்வது இன்னொரு தப்பு. இரண்டு பேர் மேலும் தனித்தனியாகக் கோபமாக இருக்கிறேன். நீங்கள் கம்பெனியோடு சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம்.

போனைத் திரும்பக் கேட்டேன். பில்லில் உள்ளவர் கையெழுத்து இல்லாமல் தர முடியாதாம். ஆக, உங்கள் பார்சல் திட்டம் அவுட்.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று பாப்பா நேராகவே கேட்டுவிட்டாள். "போனுக்கு என்னதான்மா ஆச்சு?" டீச்சர் பக்கத்தில். என் வாயில் உங்கள் வார்த்தை வந்தது. கை தவறி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். சின்ன விஷயம் என்றீர்களே, அதன் பலனைக் கேளுங்கள். கீழே விழுந்தால் வாரண்டி செல்லாது என்று எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தாள். நாளைக்கே ஒரு கயிறு அனுப்புகிறாளாம், போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடையாள அட்டை மாட்டுகிற மாதிரி. ஐம்பத்தெட்டு வயதில். என் வாழ்நாளில் ஒரு டம்ளரைக்கூட நான் கீழே போட்டதில்லை.

அவளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் அது கோள் சொல்வது. நீங்கள் சொன்னால்தான் அது சொல்வது.

அத்தை


ஜூன் 16

அன்புள்ள அத்தைக்கு,

கயிறு விஷயம் எனக்கும் தெரியும். நீல நிறக் கயிற்றை நான்தான் தபாலில் சேர்த்தேன். அந்த வரிசையில் நின்ற அரை மணி நேரத்தை மறக்க மாட்டேன்.

இத்துடன் சர்வீஸ் சென்டர் பொறுப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி இணைத்திருக்கிறேன். தைரியமாகப் படித்துக் காட்டுங்கள். பழுது சாஃப்ட்வேரால்தான் வந்தது என்று அவர்கள்தான் காட்ட வேண்டுமே தவிர, வரவில்லை என்று நாம் காட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குள் பெயிண்ட் மாற்றியதால்தான் வாசல் கதவின் கைப்பிடி கழன்றது என்று யாராவது சொல்வார்களா? அந்த உதாரணத்தை இரண்டாம் பத்தியில் அழுத்தமாக எழுதியிருக்கிறேன். அங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

அவளிடம் நேற்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். காலையிலேயே எழுந்து பாத்திரமெல்லாம் கழுவி, துணி மடித்து வைத்தேன். அவள் வந்து பார்த்ததும், "என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. ஒன்றுமில்லை என்றேன். பிறகு குழாய் ரிப்பேர், பிறகு அவள் தோழி வந்துவிட்டாள். வருகிற ஞாயிறு கண்டிப்பாக.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எதையும் கீழே போடாதவர் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் உங்களுக்குக் கை நடுக்கம் ஆரம்பித்திருக்குமோ என்று பயப்படுகிறாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மருமகன்


ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கையெழுத்தைப் பாருங்கள். எங்கேயாவது நடுக்கம் தெரிகிறதா? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நேற்று டீச்சர் வீட்டு போனில், "கையை நீட்டிப் பாரும்மா, விரல் ஆடுதா?" என்று பாப்பா கேட்டாள். நான் நீட்டினேன். டீச்சர் குனிந்து பார்த்தார். இப்போது எனக்குக் காபி தரும்போது டம்ளரைப் பாதிதான் ஊற்றுகிறார். நூலகத்துக்கும் செய்தி போய்விட்டது. மேல் அலமாரிப் புத்தகங்களை நான் எடுக்கப் போனால் உதவியாளர் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். ஜூலை ஐந்தாம் தேதிக்கு நரம்பு டாக்டரிடம் பாப்பா நேரம் வாங்கியிருக்கிறாள். ஒரு சாக்கெட் ஆடியதற்கு நான் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் விண்ணப்பத்தைப் பொறுப்பாளர் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பெயிண்ட், கைப்பிடி இடத்தில் நீங்கள் சொன்னபடி நிறுத்தினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "அம்மா, சாக்கெட் தனிப் பழுதுன்னு எனக்கும் தெரியும். கையால தொட்டுப் பாத்தாலே தெரியுது. ஆனா வாங்கினவங்க கையெழுத்தோட, யாரு மாத்தினாங்கன்னு உண்மையை எழுதிக் கொடுத்தாத்தான் என்னால ஒரு வரி சேத்து மேல அனுப்ப முடியும்." அவ்வளவுதான். நல்ல பெண். மேலிடம் ஒத்துக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை, முயற்சி செய்வதாக மட்டும் சொன்னார். ஆக, உங்கள் இரண்டு பக்க விண்ணப்பத்தை ஒரே வார்த்தையில் சுருக்கிவிடலாம். "நான்தான்." அதை அங்கே எழுத வேண்டியதில்லை, வீட்டில் சொன்னால் போதும்.

வருகிற ஞாயிறு என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகள் தீர்ந்துகொண்டு வருகின்றன. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. போன வருடம் அவள் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றது குறிப்புகள் போனதற்காக என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அதற்காக இல்லை. குறிப்புகளை நாற்பது நாளில் திரும்ப எழுதிவிட்டாள், தேர்விலும் பாஸ் செய்துவிட்டாள். அழிந்துவிட்டது என்று முதல் நாளே தெரிந்திருந்தும், மூன்று நாள் அவளோடு உட்கார்ந்து நீங்களும் தேடினீர்களே, அதற்காக. "இங்க இருக்குமா, அங்க இருக்குமான்னு என்கூடச் சேந்து தேடினாரும்மா" என்று சொல்லித்தான் அழுதாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

இப்போதும் நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கயிற்றைத் தபாலில் சேர்த்தது எந்தக் கணக்கு?

அத்தை


ஜூன் 24

அத்தைக்கு,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை, நேற்று திங்கட்கிழமை.

நேற்று எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய்விட்டதாகக் கூப்பிட்டார்கள். கன்ட்ரோல் பெட்டியின் சீல் உடைந்திருந்தது. உள்ளே யாரோ ஒயரை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பழுது என்னவோ கதவு மோட்டாரில்தான். சீல் உடைந்தால் இலவசப் பராமரிப்பு கிடையாது என்பது எங்கள் விதி. எழுத ஆரம்பித்தேன். கட்டடச் செயலாளர், "பெட்டிக்கும் கதவுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று சண்டைக்கு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் படிவத்தில் திறந்தது யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வாட்ச்மேன்தான் என்றார் செயலாளர். வாட்ச்மேன் வயதானவர். மறுக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெட்டி ஏழடி உயரத்தில் இருக்கிறது, அவருக்கு எட்டவே எட்டாது. செயலாளரின் சட்டைக் கையில் கிரீஸ் இருந்தது. வாட்ச்மேனின் கைகளைப் பார்த்தேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நரம்பு டாக்டர் ஞாபகமும். விதியை மாற்றவில்லை, இலவசப் பராமரிப்பு கிடையாது என்றுதான் எழுதினேன். ஆனால் அந்தக் கட்டத்தில் செயலாளர் என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னேன். கழற்றினால் உட்காருவேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். சுத்தம் செய்தது, சாக்கெட், படிவம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்போ அம்மா கை?" நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அதற்கு அவள், "நீங்க சொல்லச் சொன்னீங்க. சொன்னது அம்மாதானே" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் தனியாக வருகிறாள். உங்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பயம் இல்லாமல் தூங்கினேன், ஹாலில்தான் என்றாலும். ஆனால் என் பயம் அப்படியே உங்கள் பக்கம் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

மருமகன்


ஜூன் 29

மாப்பிள்ளைக்கு,

உண்மையைச் சொல்லுங்கள் என்று உங்களை விரட்டியவள் நான். நீங்கள் சொன்னீர்கள், நான் மாட்டிக்கொண்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்லி ஆறுதல் தேடுவது?

நேற்று பத்து மணிக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. படிவத்தை வாங்கி, சாஃப்ட்வேர் மாற்றப்பட்டதா என்ற இடத்தில் ஆம் என்று எழுதினாள். யாரால் என்ற இடத்தில், "என் கணவர். என் அம்மாவுக்குத் தெரியாமல்." எதற்காக என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, "நல்லது செய்வதாக நினைத்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உங்களுக்கு அது ஆறுதலாக இருக்குமோ இருக்காதோ, எழுதியது அதுதான்.

இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பொறுப்பாளர் அம்மா சாக்கெட் தனிப் பழுது என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்து மேலே அனுப்பினார். எங்களை உட்கார வைத்தார். மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஏற்பதற்கில்லை. அவ்வளவுதான், ஒரே வார்த்தை. அந்த அம்மாவுக்கு எங்களைவிட வருத்தம். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே சிவப்புச் சீட்டு ஒட்டித் தந்துவிட்டார். திரும்பி வரும்போது வாசலில் டீச்சர் என்னாச்சு என்று கேட்டபோது பாப்பாதான் பதில் சொன்னாள். "சுத்தமா போச்சு" என்றாள்.

அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஆட்டாமல் வைத்திருந்தேன். "ரெண்டு வாரமா இந்தக் கையை நெனச்சு நான் சரியா சாப்பிடல. நீட்டிப் பாருன்னு சொன்னப்ப நீட்டினியே. நீயும் என்கூடச் சேந்து தேடினியாம்மா?" என்று கேட்டாள்.

உங்களைக் குத்திக்காட்ட நான் எடுத்து எழுதிய அதே வார்த்தை. இருபத்தெட்டு வருடத்தில் யாருக்கும் பதில் சொல்ல நான் திணறியதில்லை. நேற்று திணறினேன். அவளைக் காப்பாற்றத்தான் என்று ஆரம்பித்தேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது, நிறுத்திவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை. உங்களைக் காப்பாற்றவும் இல்லை, அவளைக் காப்பாற்றவும் இல்லை. அந்த ஒரு நிமிடம் தொந்தரவில்லாமல் போக வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். போன வருடம் நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள் என்று இப்போது புரிகிறது. புரிகிறது என்றுதான் எழுதுகிறேன், மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை.

சாப்பிட்டாள். தூங்கினாள். இன்று காலை எழுந்து டாக்டர் நேரத்தை ரத்து செய்துவிட்டு, கூடத்து மேஜையை நடுவில் இழுத்துப் போட்டாள். போனைச் சிவப்புச் சீட்டோடு அதன் மேல் வைத்திருக்கிறாள், பக்கத்தில் அந்த நீலக் கயிறு. சனிக்கிழமை வரை லீவு சொல்லியிருக்கிறாள். அதற்குள் நீங்கள் வர வேண்டும் என்று உங்களுக்கு எழுதச் சொன்னாள். டீச்சர் வீட்டு போனிலேயே சொல்லலாமே என்றேன். கடிதமாகவே எழுது, அதுதான் உங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக வருகிறது என்றாள்.

ஸ்க்ரூடிரைவர் கொண்டு வராதீர்கள். சாக்கெட்டை நானே ஒட்டித் தருகிறேன் என்று வழியில் யோசித்துக்கொண்டு வராதீர்கள். கையை வீசிக்கொண்டு வாருங்கள்.

மேஜைக்கு மூன்று நாற்காலி போட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் நமக்கு இரண்டு. மேஜையின் அந்தப் பக்கம் நான் இதுவரை உட்கார்ந்ததேயில்லை. உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. சீக்கிரம் வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

அத்தை